மாமியின் பெருவிரல்

கண்ணால் பார்த்ததை மாமி நம்பியதே இல்லை. காதால் கேட்டதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பொருளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கிய பிறகுதான், அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருப்பதாகவே ஒத்துக்கொள்வாள்.

மாமி என் அப்பாவின் தங்கை. குமரி மாவட்டத்தில் எங்கள் பக்கம் அத்தை என்று கூப்பிடுவதில்லை, மாமிதான். குலசேகரம் கடைத்தெருவில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தாள். அதனால் மலையடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற எல்லோருக்கும் அவள் மாமி. என் மகள் ஜெனிக்கும் மாமிதான். வேறு முறை சொல்லிக் கூப்பிட்டால் காது கேளாதவள்போல் இருந்துவிடுவாள்.

பள்ளி விடுமுறைகளில் நான் அந்தக் கடையில்தான் கிடப்பேன். ரப்பர் ஷீட் நன்றாகக் காய்ந்து, புகை ஏறி, தேன் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். காயாத ஷீட்டில் ஈரம் நிற்கும், எடையும் கூடுதலாக இருக்கும். ஒரு மழைக்காலத்தில் திற்பரப்புப் பக்கத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். மேலேயும் கீழேயும் கண்ணாடி மாதிரியான ஷீட். மாமி அந்த நேரத்தில் என் அம்மாவிடம் ஏதோ கல்யாண விஷயம் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமல், முகத்தையும் திருப்பாமல், கட்டின் நடுவில் கையைப் பக்கவாட்டில் நுழைத்தாள். மாவுக்குள் விழுந்த சாவியைத் தேடுவதுபோல் கை உள்ளே நடந்தது. நான்கு ஷீட்டுகளை உருவி வெளியே போட்டாள்.

"இந்த நாலு பேரும் இப்பந்தான் குளிச்சுட்டு வந்திருக்காவ. தலைய தொவத்திட்டுக் கொண்டு வாரும்."

வந்தவருக்கு முகம் செத்துப்போனது. "நீங்க பாக்கவே இல்லியே மாமி!"

"பாத்தா நல்லாத்தானே தெரியும்? அதுக்குத்தான் பாக்கல்ல."

கடைக்குள் இருக்கும்வரை இந்த வித்தையால் மாமிக்குப் பெருமைதான். சிக்கல், கை கடையோடு நிற்காததுதான். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண்கள் மாமி வீட்டு வாசலில் கூடையை இறக்கும்போதே, "தொட்டுப் பாத்து எடுங்க, ஆனா அமுக்காதீங்க" என்று சொல்லித்தான் இறக்குவார்கள். நாகர்கோவில் ஜவுளிக்கடைகளில் சேலையைப் பிரித்துக் காட்டத் தொடங்கும் முன்பே முந்தானையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம் பிள்ள, மடிச்சு வையி" என்று எழுந்துவிடுவாள். அந்தச் சேலையின் நிறம் என்ன என்று பிறகு கேட்டால் அவளுக்குத் தெரியாது.

மாமியின் கை தவறியதும் உண்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருஷம் உழைத்து மார்த்தாண்டத்தில் வீடு கட்டினார். பால் காய்ச்ச ஊரே வந்திருந்தது. உபதேசியார் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். எல்லோருடைய கண்ணும் மூடியிருக்கிறது. மாமியின் கை மட்டும் பின்னால் இருந்த சுவரில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆமென் சொன்ன கையோடு, "சிமென்டு கொறவாக்கும் கேட்டியளா, ரெண்டு மழ தாங்காது" என்றாள். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. சுவர் இன்றுவரை கல்லுக்குண்டுபோல் நிற்கிறது. அதைச் சொல்லிக் காட்டினால் மாமி, "அது சொவரு. எனக்க கைக்கு ரப்பருதான் தெரியும்" என்பாள். அப்படியானால் சுவரை ஏன் தொட்டீர்கள் என்று கேட்டால், கேட்டவனின் சட்டைத் துணியைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

ரப்பரில் மட்டும் அந்தக் கை தவறி நான் பார்த்ததில்லை. ஒருமுறை தலைசுற்றல் வந்து மாமியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இளம்வயது டாக்டரம்மா. கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பிரஷர் பார்த்தார். நார்மல் என்றார். மாமி பட்டையை அவிழ்க்கவிடாமல் அந்தப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு தடவை உருட்டினாள்.

"மோளே, இதுக்கக் கழுத்துல ஒரு வெடிப்பு உண்டு. காத்து போவுது. இத வச்சா இவ்வளவு நாளும் பாத்திய?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மருத்துவம் படித்தது யார் என்று கேட்டார். அடுத்த மாதம் போனபோது மேசைமேல் புது ரப்பர் பந்து இருந்தது. அதில் பார்த்தால் மாமிக்குப் பிரஷர் ஏகத்துக்கும் எகிறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மாமிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "இப்பமாக்கும் சரியாக் காட்டுது" என்று டாக்டரம்மாவின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் மாமி வந்தாள். ஷீபா காபி கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் படிப்பு, வேலை என்று கேட்டார்கள். மாமி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, உள்ளங்கையைப் பெருவிரலால் மூன்று இடத்தில் அமுக்கினாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஷீபா அதைச் சொல்லிச் சிரிப்பாள். "எனக்க அம்மைக்கு முன்னால வச்சு என்னைய ஷீட்டு பாக்கதுபோல பாத்தாவ. தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கல்ல, அதொண்ணுதான் பாக்கி."

இப்படிப்பட்ட கையைத்தான் நாங்கள் எதையும் தொடக்கூடாத ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஜெனிக்கு அப்போது பதினொரு வயது. எந்த ஆண்டவன் கொடுத்த ஆசையோ, டாங்கி என்றால் அவளுக்கு உயிர். வடக்கே தேசிய அளவில் பெரிய ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று இருப்பதாகவும், அங்கே நிஜமான டாங்கிகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்றும் பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கோடை விடுமுறையில் நான்கு டிக்கெட் போட்டேன். நான்காவது டிக்கெட் அம்மாவுக்கு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மாவுக்கு மூட்டு வீங்கிவிட்டது. மாமி வரட்டுமே என்று அம்மாதான் சொன்னாள். பெயரை மாற்றி வாங்க முடியாமல் மாமிக்குத் தனியாக டிக்கெட் எடுத்தேன்.

அந்த அருங்காட்சியகத்தின் பெயர் இங்கே வேண்டாம். பின்னால் சொல்லப்போகிற சங்கதியால் ஒரு நல்ல மனிதருக்குத் தொல்லை வரக்கூடும்.

கடையைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்ட மாமா, ரயில் கிளம்பும்போது போனில் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "மக்கா, அவளுக்கக் கையப் பாத்துக்கோ."

அருங்காட்சியகத்தின் வாசலிலேயே ஒரு பலகை இருந்தது. அதில் ஒரு கை. கைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.

"ஏட்டி ஜெனி, இது என்ன? உள்ள போனா கைய வெட்டுவாவளா?"

"தொடப்பிடாதுன்னு எழுதியிருக்கு மாமி." ஜெனிக்குப் பள்ளியில் இந்தி உண்டு.

"எதைய?"

"எல்லாத்தையும்."

மாமி அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். "தகரம்" என்றாள்.

முதல் கூடத்தில் பழைய காலத்துச் சிப்பாய்களை ஆளுயரப் பொம்மைகளாகச் செய்து நிறுத்தியிருந்தார்கள். நான் வாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷீபா எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று விசில். திரும்பினால் ஒரு சிப்பாயின் கோட்டு நுனி மாமியின் விரல்களுக்கு நடுவில் இருந்தது. முறுக்கு மீசை வைத்த காவலர் ஒருவர் வேகமாக வந்து இந்தியில் நீளமாகப் பேசினார்.

"என்ன சொல்லுதாரு?"

"கை வைக்காதீங்கன்னு சொல்லுதாரு மாமி."

"வைக்கல்ல, சொல்லு. கம்பிளி நல்லா இருக்கான்னு பாத்தேன். இந்தப் பையனுக்கு இது குளுருக்குப் போராது."

ஜெனி அதை எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் காவலர் தன் நாற்காலியில் உட்காரவே இல்லை. கூடம் கூடமாக எங்கள் பின்னால் வந்தார். இரண்டாவது கூடத்தில் மாமி கண்ணாடிப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தாள், விசில். மூன்றாவது கூடத்தில் ஒட்டகச் சேணத்தின் வாரைப் பிடித்தாள், விசில். கடைசியில் ஷீபா ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமியின் ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலையும் மறு கையில் தன் கைப்பையையும் கொடுத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் அமைதியாகப் போனது. அப்புறம் மாமி ஒரு பீரங்கிக் குண்டை முழங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

விஷவாயுவிலிருந்து தப்பிக்க அந்தக் காலத்தில் சிப்பாய்கள் மாட்டிய ரப்பர் முகமூடிகள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. அங்கேதான் மாமி உண்மையில் கஷ்டப்பட்டுப்போனாள். கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று, "பிசுபிசுத்துப் போச்சு மக்கா. வெயிலு படுது பாரு. பவுடரு போட்டு இருட்டுல வைக்கணும். ஆருகிட்டயாவது சொல்லு" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. காவலரின் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.

வெளி முற்றத்தில் டாங்கிகளும் பீரங்கிகளும் வெயிலில் வரிசையாக நின்றன. ஜெனிக்குப் பேச்சே நின்றுவிட்டது. ஒவ்வொரு டாங்கியின் முன்னாலும் ஒரு கும்பிடு போடாத குறை. எல்லாவற்றையும் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கடைசியில் நின்ற ஒரு பழைய ராணுவ லாரிக்கு மட்டும் கயிறு இல்லை. பின்பக்கம் இரும்பு ஏணி சாய்த்து வைத்திருந்தார்கள். மேலே ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், தொடலாம் என்று அங்கே மட்டும் எழுதியிருந்தது. ஜெனி அதை வாசித்துக் காட்டியதும் மாமி தண்ணீர்ப் பாட்டிலையும் கைப்பையையும் என்னிடம் தள்ளிவிட்டு இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஜெனி ஏணியில் ஏறினாள். நான் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானேன். மாமி நேராகப் பின்சக்கரத்துக்குப் போனாள். டயருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மாமி பெருவிரலை வைத்து அமுக்கினாள். இன்னொரு இடத்தில் அமுக்கினாள். நகத்தால் சுரண்டினாள். பிறகு, அந்த வயதில் எப்படி முடிந்ததோ, தரையில் முட்டிபோட்டு லாரிக்கு அடியில் கையை விட்டு டயரின் உள்பக்கத்தைத் தடவினாள். கையை வெளியே எடுத்தபோது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"ஏட்டி ஜெனி! கீழ எறங்கு! சாடிக் குதிக்கப்பிடாது, பைய, பைய எறங்கு!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஜெனி மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டாள். அதே நேரம், இன்னும் விடுமுறை விடாத ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் ஏணியை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மாமி ஏணிக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஆரும் ஏறப்பிடாது. டயரு செத்துப்போச்சு."

அவர்களோடு வந்த ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. வழி விடச் சொன்னார். மாமி விடவில்லை. ஆசிரியை குரலை உயர்த்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நம்முடைய மீசைக்காரர் ஓடிவந்து, மூச்சு இருக்கும்வரை நிறுத்தாமல் ஒரு விசில் அடித்தார். முற்றத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் எடுக்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் எனக்கு மார்த்தாண்டத்துச் சுவர்தான் ஞாபகம் வந்தது. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்த அத்தனை முகமும் ஞாபகம் வந்தது.

"மாமி, வாங்க போலாம்."

"பொறு மக்கா. ஆரையாவது பெரிய ஆளக் கூப்பிடச் சொல்லு."

"இது உங்களுக்க ஷீட்டுக் கடை கிடையாது மாமி!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எல்லாரும் பாக்காவ. சின்னப் பிள்ளைக்கு உள்ள அறிவு கூடவா உங்களுக்குக் கிடையாது? உங்களக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, அதாக்கும் நான் செஞ்ச தப்பு."

மாமி விரித்த கைகளை இறக்கவில்லை. ஏணியை விட்டு நகரவும் இல்லை.

ஷீபா அதற்குள் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்திருந்தாள். "நீங்க ஒருக்கா குனிஞ்சு பாருங்க" என்றாள் என்னிடம். நான் குனியவில்லை. அந்த இடத்தில் நின்று குனிவதே கேவலம் என்று எனக்குத் தோன்றியது.

சத்தம் கேட்டு அலுவலகக் கட்டிடத்திலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைத்த மீசை, நடை மட்டும் இன்னும் பட்டாளத்து நடை. ஓய்வுபெற்ற சுபேதார், அந்த முற்றத்துக்கு அவர்தான் பொறுப்பு. மீசைக்காவலர் காலையிலிருந்து நடந்த எல்லாவற்றையும் ஒப்பித்தார். கோட்டு, கண்ணாடி, சேணம், முழங்கை எதையும் விடவில்லை. சுபேதார் கேட்டு முடித்துவிட்டு மாமி பக்கம் திரும்பினார்.

"டயரு செத்துப்போச்சு சாரே" என்றாள் மாமி.

அந்த 'சாரே'யைக் கேட்டதும் அவர் புருவம் உயர்ந்தது. "சேச்சி எவிடெயா?"

"கொலசேகரம். கன்யாகுமரி ஜில்லா."

"ரப்பரா?"

"ஷீட்டுக் கடை. முப்பது வருசமாச்சு."

"எனக்குக் கோட்டயம் பக்கம் சேச்சி. எங்க அப்பன் பால் வெட்டுக்காரன்." அவர் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். பேசிக்கொண்டே முட்டிபோட்டார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மாமி காட்டிய இடத்தில் தன் பெருவிரலை வைத்து அமுக்கினார். பெயிண்ட் முட்டை ஓடு மாதிரி விரிந்தது. உள்ளே இருந்து கறுப்பாக, பொலபொலவென்று எதுவோ உதிர்ந்தது. சக்கரத்தின் உள்பக்கத்தில் மாமி தடவிக் கண்ட வெடிப்புக்குள் அவருடைய சுண்டுவிரல் முழுசாக நுழைந்தது.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். போன மாதம் பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வந்தாராம். அதற்காக எல்லா டயருக்கும் பெயிண்ட் அடித்து, காற்றும் நிரப்பி வைத்தார்களாம்.

"பெயிண்டு அடிச்சா வெடிப்பு மறையும் சாரே, போவாது" என்றாள் மாமி.

சுபேதார் இந்தியில் இரண்டு வார்த்தை சொன்னார். ஆசிரியை பிள்ளைகளைப் பத்தடி பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் ஒருவர் வந்து, பக்கத்தில் யாரும் நிற்காதபடி பார்த்துவிட்டு, டயரிலிருந்து மெதுவாகக் காற்றை இறக்கத் தொடங்கினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப நம்பிக்கை, சுவர் மாதிரி இதுவும் ஒன்றும் ஆகாமல் நின்றுவிடுமோ என்று. அப்போது, லாரியின் பாரம் தளர்ந்த டயர்மேல் உட்கார்ந்ததும், பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். டயரின் பக்கச் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்தது. மெக்கானிக் பின்னால் துள்ளினார். லாரி அந்தப் பக்கமாகத் தொம்மென்று உட்கார்ந்து சாய்ந்தது. ஏணி வழுக்கிச் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது. முப்பது பிள்ளைகள் மேலே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மீசைக்காவலரின் வாயிலிருந்து விசில் கழன்று கயிற்றில் தொங்கியது. ஆசிரியை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க என்னவோ சொன்னார்.

"தேங்க்ஸ் சொல்லுதாவ மாமி" என்றாள் ஜெனி.

"அதெல்லாம் கெடக்கட்டு. பிள்ளையள எண்ணிப் பாக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு சுபேதார் எங்களை விடவில்லை. டீ வரவழைத்தார். எத்தனை மரம், இந்த வருஷம் மழையால் எத்தனை நாள் வெட்டு முடங்கியது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். முகமூடிகளுக்குப் பவுடர் போட வேண்டும் என்ற சேதியும் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. டீ முடிந்ததும் அவர் எழுந்தார். "சேச்சி, ஒரு சாதனம் காட்டுறேன். தொட்டுப் பாத்துச் சொல்லணும்."

அலுவலகத்தின் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே, காற்றில்லாமல் மடிந்து கிடந்தது ஒரு பெரிய ரப்பர்ப் படகு. ஆற்றைக் கடக்கப் பட்டாளம் வைத்திருப்பது. இது போருக்குப் போனதில்லையாம். எப்போதோ வந்த ஒரு வெள்ளத்தில் வீட்டுக் கூரைகளில் நின்ற சனங்களை ஏற்றிக்கொண்டு வந்த படகு. வெள்ளத்துக்குப் போன படகைப் போர் அருங்காட்சியகத்தில் வைக்கலாமா கூடாதா என்று ஒரு கமிட்டி வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கிறது, அதனால் இங்கே கிடக்கிறது என்றார்.

மாமி அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல்முறையாக யாரும் தடுக்காமல் அவள் கை நடந்தது. படகின் ஓரத்தில் நான்கு ஒட்டுகள் இருந்தன. முள்வேலியும் மரக்கட்டையும் கிழித்த இடங்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் விளிம்பையும் தடவினாள்.

"இந்த மூணும் ஒரே ஆளு ஒட்டினது. தொழிலு தெரிஞ்சவன். அரம் வச்சு நல்லா ராவி, வட்டமா வெட்டி, அளவாப் பசை போட்டிருக்கான்." கை நான்காவதில் நின்றது. நெடுநேரம் நின்றது. "இது வேற ஆளு. சின்னப் பையனா இருக்கும். துண்டு கோணலா வெட்டியிருக்கு. ராவினது ஒரு பக்கம், ஒட்டினது ஒரு பக்கம். பாவம், இவனுக்குக் கை வெறச்சு நடுங்கியிருக்கு சாரே."

சுபேதார் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளத்தின்போது தனக்கு இருபது வயது என்றார். படகு முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும். நடு ஆற்றில் கிழிந்தது. ஒட்டுப் போடத் தெரிந்தவர் இன்னொரு படகில் போய்விட்டிருந்தார். ஒரு மரக்கிளையைப் பிடித்துப் படகை நிறுத்தி, ஓரத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒட்டிய ஒட்டு அது. ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்ததாம். "அந்தச் சத்தம் இன்னும் கேக்கும் சேச்சி. வெறைச்சது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

மாமி மற்ற மூன்று ஒட்டுகளின் விளிம்பிலும் நகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றும் லேசாகத் தூக்கிக்கொண்டு வந்தன. நான்காவதில் நகம் நுழையவே இல்லை.

"இது மட்டும் எளகல்ல, பாருங்க" என்றாள். "பயந்தவன் அளவு பாக்காம வாரிப் பூசுவான். அதாக்கும் இத்தன வருசமும் பிடிச்சுக் கெடக்கு."

அவர் குனிந்து அந்த ஒட்டைத் தன் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, கமிட்டியைப் பற்றி மலையாளத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மாமிக்குப் புரிந்து சிரித்தாள். ஜெனி அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டபோது ஒருவரும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் ஷீபாவும் ஜெனியும் தூங்கிவிட்டார்கள். மாமியும் நானும் எதிரெதிரே சன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். நான் கூட்டத்தில் வைத்துச் சொன்ன வார்த்தைகள் அன்று மத்தியானத்திலிருந்து எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன.

"மாமி, அங்க வச்சு நான் அப்படிப் பேசியிருக்கப்பிடாது. எல்லாருக்கும் முன்னால..."

மாமி என்னைப் பார்த்தாள். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நீ என்ன பேசின மக்கா? நான் கேக்கவே இல்லியே. டயரையில்லியா பாத்துட்டு நின்னேன்."

மாமி போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை எனக்காக அப்படிச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லிவிட்டு அவள் என் தட்டிலிருந்த வடையை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். "இது விடியக் காலத்த சுட்டது. தின்னாத" என்று சன்னல் வழியே வெளியே போட்டாள்.